துடைத்த நெற்றி

கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்துபோய், பஸ்ஸில் பாண்டிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கலவரம் நடந்து சில மாதங்களே ஆகியிருந்தன. முன்னால் இராணுவச் சோதனைச் சாவடியில் தாடிக்கார இளைஞர்களை இறக்குகிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொல்ல, முஸ்லிம் ஊரான கல்முனைக்குடியில் இறங்கி, நெற்றித் திருநீற்றைத் துடைத்துவிட்டு, விரதத் தாடியை மழிக்க முதலில் கண்ட சலூனுக்குள் நுழைந்தேன்.

“எங்கிருந்து வாறீங்க தம்பி?” என்றார் சலூன்காரர்.

“பொத்துவில்ல வேலை, காக்கா” என்று, முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் முறையிலேயே அழைத்து, பொய் சொன்னேன்.

ஒரு கன்னம் முடிந்தபோது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவர் கத்தியை வைத்துவிட்டுக் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.

“அசையாம இரிங்க, வாறன்.”

பின்வாசலால் போய்விட்டார். வெளியே ஆண்களின் குரல்கள். ஆள் கூட்டி வரத்தான் போயிருக்கிறார் என்று நினைத்தேன். பாதித் தாடியோடு, கொப்புளம் உடைந்த கால்களோடு எங்கே ஓட? ‘முருகா’ என்று வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

பின்கதவு திறந்தது. அவர் கையில் ஆவி பறக்கும் பேசின்.

“உப்பும் மஞ்சளும் போட்ட சுடுதண்ணி. நான் தொழுதிட்டு வாற வரைக்கும் கால வெச்சிருங்க. பாங்கு சொன்னா கடையச் சாத்துறதுதான், பயந்திட்டீங்களா?” குனிந்து என் பாதங்களைப் பார்த்தார். “கதிர்காமம் நடந்த கால் எனக்குத் தெரியாதா, தம்பி?”

தொழுதுவிட்டு வந்து மறு கன்னத்தையும் மழித்தார். ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தவர், திருநீறு இன்னும் அங்கே இருப்பதுபோல, நெற்றியை மட்டும் தொடாமல் விட்டார்.

அதைத்தான் நான் ஏற்கெனவே துடைத்திருந்தேன்.