ராஜாமணி சிஸ்டர் கொடுக்காமல் போன சீட்டு

ராஜாமணி சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு பெரியவருக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சிஸ்டரின் மகள் மல்லிகா அழுதார். உடனே வருவதாகச் சொல்லிவிட்டு மீதி மருந்தையும் எழுதி முடித்தேன். காலையில் மட்டும் போடவேண்டிய மாத்திரையை மூன்று வேளைக்கும் எழுதியிருக்கிறேன். மருந்தகத்திலிருந்து சீட்டைத் திருப்பி அனுப்பினார்கள். என் அவசரம் அப்படி. அவரோடும் என்னோடும் வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியாததல்ல.

கோவையில் எங்கள் முதியோர் சிகிச்சைப் பிரிவில் பதினோரு வருடம் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருடையது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பேரைக் கூப்பிட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுவார். வருகிறவர் பெஞ்சிலிருந்து எப்படி எழுகிறார், சுவரைப் பிடிக்கிறாரா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்று பார்த்தபடியே பின்னால் நடந்து வருவார். நானோ ஆள் உள்ளே வருமுன் பாதிச் சீட்டு எழுதியிருப்பேன். "டாக்டருங்க, பேனாவக் கொஞ்சம் கீழ வைங்க" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வைத்துவிடுவேன்.

ஒருநாள் தொண்டாமுத்தூரிலிருந்து ஒரு தென்னை விவசாயி வந்தார். நான் கேட்டதற்கெல்லாம் கூட வந்த மகனே பதில் சொன்னார். எங்காவது கீழே விழுந்தீர்களா என்று கேட்டதற்கு மட்டும் பெரியவர் வாய் திறந்து, அதெல்லாம் இல்லை, நன்றாக இருக்கிறேன் என்றார். அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னேன். சிஸ்டர் அசையவில்லை. பழைய ஃபைலை எடுத்துவரச் சொல்லி மகனை வெளியே அனுப்பினார். பிறகு பெரியவர் அருகில் குனிந்தார்.

"ஏனுங்க, இந்த வருசம் எத்தன தடவ உழுந்தீங்க?"

"மூணு தடவைங்க அம்மணி. பையன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. தோட்டத்துக்கு உடமாட்டான்."

படுக்கவைத்து ஒரு முறையும் நிற்கவைத்து ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தோம். எழுந்து நின்றதும் சரசரவென்று இறங்கியது. நான் எழுதிக்கொடுத்த மாத்திரைதான் அவரைத் தள்ளிவிட்டிருக்கிறது. அளவைக் குறைத்தேன். விழுந்தீங்களா என்று கேட்டால் நம் ஊரில் ஒருவரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள், எத்தனை தடவை என்று கேட்டால்தான் எண்ணிப் பார்ப்பார்கள் என்று சிஸ்டர் பிற்பாடு விளக்கினார். சொல்லிக்கொடுக்கிற தோரணை எதுவும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

ஓய்வுபெற்றபின் போத்தனூரில் தனியாக இருந்தார். அவ்வப்போது பிரிவுக்கு வந்து எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போவது வழக்கம். கடைசியாக வந்தது ஒரு திங்கட்கிழமை. வெளியே நிற்க இடமில்லாத கூட்டம். நன்றாக இருக்கிறீர்களா என்று எழுதிக்கொண்டே கேட்டேன். "நல்லா இருக்கேனுங்க டாக்டர்" என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "வாரேனுங்க" என்று போய்விட்டார்.

மூன்று வாரத்தில் குளியலறையில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் மல்லிகா சத்தியமங்கலத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நாளைக்குப் போய்ப் பார்க்கலாம், நாளைக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நான் இருந்துவிட்டேன். படுத்த படுக்கையில் நிமோனியா வந்து முடிந்துபோனார்.

துக்க வீட்டில் என்னால் உட்காரவே முடியவில்லை. மல்லிகா அம்மாவின் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தத் திங்கட்கிழமைக்கான புறநோயாளி சீட்டு. எங்கள் பிரிவுக்குப் போட்டது. வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார். பின்பக்கத்தில் அவருடைய குண்டு எழுத்து: எழுந்தால் தலை சுற்றுகிறது, இரண்டு முறை விழுந்தேன்.

"உங்ககிட்டக் காட்டத்தானுங்க வந்தாங்க. டாக்டருக்குக் கூட்டம் சாஸ்தி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு திரும்பிட்டதா உழுந்தப்புறந்தான் சொன்னாங்க" என்றார் மல்லிகா.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிவந்து சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இப்போது பேரைக் கூப்பிட்டதும் பேனாவை வைத்துவிட்டு வாசலுக்கு நானே போகிறேன். பின்னால் நடந்து வருகிறேன். எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று ஒருவர் விடாமல் கேட்கிறேன். எல்லோரும் பதில் சொல்கிறார்கள். பதினோரு வருடம் பக்கத்தில் இருந்தவரிடம் மட்டும் நான் அதைக் கேட்கவில்லை.