ஆர்வோவின் வாலறுந்த சட்டை

மிச்சிகனின் வடகோடியில் ஆர்வோ லெக்டினென் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சனிக்கிழமை காலைகளில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வேட்டை நிகழ்ச்சி நடத்துகிறார். பேருந்தில் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் ஊரே கேட்கிறது.

வேட்டைக்காரர்கள் பொய் சொல்வார்கள் என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. தப்பிப்போன மானுக்கு, கதை சொல்லச் சொல்ல, ஆண்டுதோறும் கொம்பு நீளும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. கூலி வாங்கிக்கொண்டு சொல்லும் பொய்க்குத்தான் முகம் சுளிப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, பாசி பிடித்த பாறையில் நடப்பவர்போல ஆர்வோ விழாமல் நடந்துவந்தார்.

அந்த ஆண்டு, துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் செய்கிற கம்பெனி ஒன்று நிகழ்ச்சியின் முழுச் செலவையும் ஏற்றது. பதிலுக்கு ஆர்வோ ஒரு வசனம் பேசினால் போதும்: "பெட்டியப் பிரிங்க, மாட்டுங்க, காட்டுக்குப் போங்க. குறி சரியா இருக்கான்னு சுட்டுப் பாக்கவே வேண்டாம்!" இலையுதிர்காலம் முழுக்கப் பேசினார். கடைசியில் ஊரில் அதை நம்பிய ஒரே ஆள் அவராகிப்போனார்.

மான் சீசனின் முதல் காலை. கல்லெறி தூரத்தில் கொம்பு விரிந்த மான் ஒன்று, படம் பிடிக்க நிற்பதுபோல் நின்றது. ஆர்வோ சுட்டார். பக்கத்துப் பிர்ச் மரத்தின் பட்டை தெறித்தது. மான் மரத்தைப் பார்த்தது, ஆர்வோவைப் பார்த்தது, பிறகு அவசரமில்லாமல் போனது.

வேட்டைக்காரர்கள் தங்கும் கேபினில் சட்டம் ஒன்றுதான். குறி தப்பியவரின் சட்டை வாலை, அதாவது பின்பக்கம் தொங்கும் நுனியை, வெட்டி வெளிச்சுவரில் ஆணியடிப்பார்கள். மனைவியின் தம்பி ரெய்னோ, நிகழ்ச்சிக்குக் கேமரா பிடிப்பவரும் அவர்தான், கத்தரிக்கோலோடு வாசலில் நின்றார்.

"திரும்பு மச்சான்."

"ஸ்கோப் கோணல்டா!"

"மரம் குறுக்க ஓடி வந்துச்சுன்னுகூடச் சொல்லு, கேட்டுக்கறேன். மொதல்ல திரும்பு."

சிவப்புக் கட்டம் போட்ட துண்டு சுவரில் ஏறியது. மறுநாள் ரெய்னோவின் ஸ்கோப் இல்லாத பழைய துப்பாக்கியைக் கடன் வாங்கிப் போய், ஒரே குண்டில் ஒரு மானை வீழ்த்தினார் ஆர்வோ. அந்த நேரம் பார்த்துக் கம்பெனிக்காரர் கர்ட் வந்து இறங்கினார், மடிப்புக் கலையாத வேட்டை ஜாக்கெட்டில்.

"பிரமாதமான மான்! நம்ம ஸ்கோப்பப் பக்கத்துல வச்சு நாலு வார்த்தை பேசிடுங்க."

"இது அதுல சுட்டதில்லியே."

"மான் வந்து சாட்சி சொல்லவா போகுது? அடுத்த வருஷத்துக்கும் கையெழுத்துப் போடத்தான் வந்திருக்கேன்."

கம்பெனி கைவிட்டால் அந்த அரைமணி நேரம் தொலைக்காட்சியில் வாணலி விற்பவர்களுக்குப் போய்விடும். ஆர்வோவுக்குப் பேருந்து மட்டுமே மிஞ்சும். தலையாட்டினார்.

இடத்தைக் கர்ட்டே தேர்ந்தெடுத்தார். "அந்தச் சுவத்துக்கு முன்னாடி நில்லுங்க. பழைய துணியெல்லாம் தொங்குது, கலையா இருக்கு."

ஆர்வோ ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியைத் தூக்கினார். "இந்த ஸ்கோப் இருக்கே..."

கேமரா குலுங்கியது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல மச்சான். உன் தோளுக்குப் பின்னால உன் சட்டை ஆடுது. நீ பேசு."

ஆர்வோ திரும்பிப் பார்த்தார். அந்தத் துண்டின் பொருள் தெரியாதவர் அந்த வட்டாரத்திலேயே கர்ட் ஒருவர்தான். துப்பாக்கியைக் கீழே வைத்தார். கோட்டைத் தூக்கி, வால் போன சட்டையைக் கேமராவுக்குக் காட்டினார்.

"நல்லா பாத்துக்கங்க. நேத்து, சுட்டுப் பாக்காம இத மாட்டிக்கிட்டுப் போய்க் கோட்டை விட்டேன். சுட்டுப் பாக்க வேண்டாம்னு உங்களுக்குச் சொன்னதும் நான்தான். தயவுசெஞ்சு சுட்டுப் பாருங்க. இந்த மான் ரெய்னோ துப்பாக்கில விழுந்தது."

கர்ட்டின் முகம் வெளுத்தது. "இத வெட்டிடுவீங்கல்ல?"

"வெட்ட வேண்டியத நேத்தே வெட்டியாச்சு" என்றார் ரெய்னோ.

சனிக்கிழமை அது அப்படியே ஒளிபரப்பானது. கர்ட் கையெழுத்துப் போடாமலே போனார். வாணலிக்காரர்கள் நிலையத்துக்கு வந்து இடத்தை அளந்துவிட்டுப் போன பிறகு, துணிக்கடை இடா மத்தாலா ஆர்வோவுக்குப் போன் செய்தாள்.

"உன்னப் பாத்துட்டு, குறி தப்பினவனெல்லாம் துணிஞ்சு கடைக்கு வந்து புதுச் சட்டை வாங்கறான். இனிமே நிகழ்ச்சிச் செலவு என்னோடது. சட்டையப் பத்தி ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

ஆர்வோ புதுச் சட்டையில் தோன்றினார். "கதகதப்பான சட்டை. வாலும் நீளம், ரெண்டு தடவ குறி தப்பினாலும் தாங்கும்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆனா துவைச்சா சுருங்குது. ஒரு அளவு பெருசா வாங்குங்க."

திங்கட்கிழமை இடாவின் போன் வந்தது. "ஏன்யா, உனக்கு வாயில ஓட்டையா? பெரிய அளவு ஒண்ணுகூடப் பாக்கி இல்ல, எல்லாம் தீந்துபோச்சு! கழுத்துகிட்ட அரிக்கும், அத மட்டும் சொல்லித் தொலைக்காத."

அடுத்த வாரம் ஆர்வோ அதையும் சொன்னார், சொறிந்துகொண்டே.