ஞாயிறு காலைப் பந்தயமும் லினக்ஸும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் கனடாவில் இருக்கும் தம்பியும் ஹெட்செட்டில் பேசிக்கொண்டே கணினியில் கார்ப் பந்தயம் ஓடுவோம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை, வெட்கம். தொலைபேசியில் எங்களுக்குக் கதை வராது. முகம் தெரியும் வீடியோ இன்னும் மோசம். இருவர் கண்ணும் ரோட்டில் இருந்தால்தான் வாய் திறக்கும்.

ஒரு ஞாயிறு, மூன்றாவது சுற்றில், "அக்கா, நான் இப்ப தனியத்தான் இருக்கிறன்" என்றான். மனைவியும் பிள்ளைகளும் எங்கே என்று கேட்பதற்குள் என் திரை உறைந்துவிட்டது. பழைய கணினி, விண்டோஸ் எழும்புவதற்குள் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிடலாம். படம் திரும்பி வந்தபோது என் கார் சுவரில் மோதி நின்றது.

"உங்களுக்கு ஆர் லைசன்ஸ் தந்தது?" என்று சிரித்தான். அந்தக் கதை அதோடு நின்றுபோனது.

அவன் மறுபடி சொல்லத் தொடங்கினால் திரை உறையக்கூடாது. கணினியைத் தூக்கிக்கொண்டு பம்பலப்பிட்டியில் திருத்துபவரிடம் போனேன்.

"புது விண்டோஸ் இதில ஏறாது அக்கா. விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா இந்தக் கிழடும் ஓடும். பழைய விண்டோஸையும் ஒரு பக்கம் வச்சுவிடவா?"

அவருக்கு ஏன் கரைச்சல் என்று, "வேண்டாம், அழியுங்கோ" என்றேன்.

லினக்ஸில் தமிழ் விசைப்பலகையைத் தேடவே ஒரு மணித்தியாலம் போனது. மைக் வேலை செய்ய எங்கெங்கோ அமத்த வேண்டியிருந்தது. ஆனால் ஆட்டம்! வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு போனது. மழைத்துளிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. சந்தோசத்தில் தனியே இருபது சுற்று ஓடினேன். தம்பியோடு சேரும் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிறன்று அந்தப் பக்கம் என்னை உள்ளே விடவில்லை. தம்பி தொலைபேசியில் எடுத்தான்.

"என்னக்கா, காணேல்லை?"

சொன்னேன்.

"ஐயோ, களவு விளையாட்டுப் பிடிக்கிற புரோகிராம் ஒண்டு இருக்கு. அது லினக்ஸை விடாது. என்னை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

"நீ எப்பிடி இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறன்."

"சாப்பிட்டியா?"

"ஓம்."

திருத்துபவரிடம் மறுபடி போய்ப் பழைய விண்டோஸையே போடச் சொன்னேன். "அது நல்லா ஓடினதுதானே?" என்றார். ஓம் என்று தலையாட்டினேன்.

அடுத்த பந்தயத்தில் தம்பி கேட்டான், "ஏனக்கா, திரும்ப அந்தக் கட்டை வண்டியோட வந்திட்டியள்?"

"சும்மாதான்."

மூன்றாம் சுற்று வந்தது. அவனுக்கு இடம் விட்டு நான் பேசாமல் ஓட்டினேன். நாலாம் சுற்றிலும் அவன் அந்தக் கதையை எடுக்கவில்லை. திரை இரண்டு தரம் உறைந்து மீண்டது. ஹெட்செட்டில் இரண்டு எஞ்சின்களின் சத்தம் மட்டும். முடிவுக் கோட்டை அவன் முதலில் தாண்டினான்.

"சரி அக்கா, வாறன்" என்றான்.