தொண்டையில் கைவைத்துக் கற்ற பாடம்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு ஆகிறது. ஆண்டுப் பூசைக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும், தம்பியாகிய நான் சில வார்த்தைகள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா பிறந்தது வேம்பாரில். தந்தையார் தோணியோடு கடலில் மறைந்த பிறகு, ஆசிரியப் பயிற்சி முடித்துத் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் சேர்ந்து, தாயாரையும் என்னையும் காப்பாற்றினார்கள். யுத்த காலத்தில் அரிசிக்குப் பட்ட பாடு நீங்கள் அறியாததல்ல. தமக்குக் கல்யாணம் என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் ஒப்பிக்க வேண்டும் என்பது தலைமையாசிரியர் போட்ட சட்டம். அக்காவுக்கு அது ஒத்துவரவில்லை. உப்பளத்து வெயிலில் கண் கூசிப்போன பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியாது; அவர்களுக்கு மணலைப் பரப்பி விரலால் எழுதவைத்தார்கள். சங்கு குளிப்பவர் ஒருவரின் மகள் மரியாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் கையைத் தம் தொண்டையில் வைத்து "ம்" என்பார்கள். பிறகு தம் கையை அவள் தொண்டையில் வைப்பார்கள். இரண்டு அதிர்வும் ஒன்றாகும்வரை விடமாட்டார்கள். அப்படித்தான் அவள் "மீன்" என்றாள்.

அவள் தகப்பனாருக்கு நம்பிக்கை இல்லை. "காது கேக்காத பிள்ளைக்குப் படிப்பு என்னத்துக்கு டீச்சரம்மா? உப்பளத்துக்கு அனுப்பிருதேன்."

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரட்டும் அண்ணாச்சி. அவர் முன்னால வாசிப்பா. அதுக்குப் பொறவு உங்க இஷ்டம்."

அந்தச் சமயத்தில்தான் அக்காவின் தொண்டையில் கட்டி வந்தது. பேசவே கூடாது என்றார் பாளையங்கோட்டை டாக்டர். நானும் கெஞ்சினேன். "ஏலே, நான் பேசலைன்னா அவளுக்கு ஏதுலே பள்ளிக்கூடம்?" என்று சீறினார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். மரியாள் எழுந்து ஒரு வரி வாசித்தாள். "இது என்ன சத்தம்?" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளே பள்ளிக்கூடத்தில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அவள் உப்பளத்துக்குப் போனாள். அந்த மனிதரை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் அதைச் சொல்லிவிட்டேன்.

அக்கா விடவில்லை. வேலை விட்டு வருகிறவளை வீட்டில் உட்காரவைத்து, குரல் அடைத்துப்போகும்வரை சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு கஞ்சியும் இறங்கவில்லை.

வீடு தேடி வந்து பார்த்த டாக்டருக்கும், அடக்கம் செய்வித்த சாமியாருக்கும், எங்களைப் பட்டினி கிடக்கவிடாத அண்டை வீட்டாருக்கும், பெட்டி சுமந்த சங்கு குளிக்கும் அன்பர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. சுமந்தவர்களில் மரியாளின் தகப்பனாரும் ஒருவர்.

மரியாளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். உப்பு அரித்த கையோடு வந்தவள், பெட்டியில் கிடந்த அக்காவின் தொண்டையில் அந்தக் கையை வைத்துக் காத்திருந்தாள். நாங்கள் அழுகையை நிறுத்திவிட்டோம். பிறகு அக்காவின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு "மீன்" என்றாள். "மணல்" என்றாள். "மழை" என்றாள். சொல்லி முடித்து, சரிதானா என்று அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.