எலியாசர் அண்ணையும் நான் வாசிக்காமல் விட்ட வரியும்

சீனன்குடாவிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. பாலையூற்றில் எலியாசர் அண்ணையின் பக்கத்து வீட்டில் இருக்கும் செல்விதான் அழைத்தாள்.

"அக்கா, ஐயா கதிரையில இருந்தபடியே போயிட்டார். தேத்தண்ணி கொண்டு போனனான். அசையேல்லை."

கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "ஆருக்கு அறிவிக்கிறது?" என்று கேட்டாள். தன் ஆட்கள் யார் என்று தேடியே கடைசிக் காலத்தைக் கழித்த மனிதருக்கு, சாவை அறிவிக்க ஓர் உறவும் இல்லை.

துறைமுக அலுவலகத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கப்பல் வருகைப் பதிவேடு எழுதினார். பக்கத்து மேசையில் நான் தட்டெழுத்தாளர். புதிதாக வந்த அதிகாரி ஒருவர், பெயரைக் கேட்டுவிட்டு "பறங்கியோ?" என்றது சிலருக்கு நினைவிருக்கும். "இல்லை சேர், தமிழ்தான். அப்பப்பா கப்பலில வந்த யூதர்" என்றார் அண்ணை. அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பன் சொல்லிவைத்த கதை அது. பஸ்ராவிலிருந்து பம்பாய்க்கும், பம்பாயிலிருந்து திருகோணமலைக்கும் வந்து, கடற்படைக் கப்பல்களுக்குச் சாமான் விற்றவர் எலியாசர் என்ற வியாபாரி. தான் அவருடைய பேரன் என்பது அண்ணையின் நம்பிக்கை.

அந்தக் கதையை அவர் ஏன் பிற்காலத்தில் இவ்வளவு இறுக்கிப் பிடித்தார் என்பது உங்களில் எல்லோருக்கும் தெரிந்திராது. யுத்த காலத்தில் ஒரு காலை கொழும்புக்கு பஸ் ஏறிய அவருடைய ஒரே மகன் ஜெராட், போய்ச் சேரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. சில வருடங்களில் மனைவியும் போய்விட்டார். அதன் பிறகும் படிவங்களில் 'பிள்ளைகள்' என்ற இடத்தில் அவர் 'ஒருவர்' என்றே எழுதினார். ஓய்வு பெற்றபின் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "தங்கச்சி, முன்னுக்குப் பார்க்க எனக்கு ஒருத்தருமில்லை. பின்னுக்காவது பார்ப்பம். உங்கட கணினியில இந்தப் பேரைத் தேடித் தாங்கோ" என்றார்.

தேடினோம். எலியாசர்கள் நூற்றுக்கணக்கில் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில், திருநெல்வேலியில், மட்டக்களப்பில்.

"அண்ணை, இது வேதாகமத்தில இருந்து வைக்கிற பேர். பேர் ஒண்டெண்டால் ஆக்களும் ஒண்டாகிப் போகினமோ?"

"பஸ்ராவும் பம்பாயும் திருகோணமலையும் கதையில வாற எலியாசர் எத்தினை பேர்? அதைப் பாருங்கோ."

ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் எழுதிக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்றில், லண்டனில் ஆசிரியையாக இருக்கும் ரூத் எலியாசரின் குறிப்பைக் கண்டோம். அவருடைய பூட்டனின் தம்பி பம்பாயிலிருந்து திருகோணமலைக்குப் போனார். சில காலத்தின் பின் கடிதங்கள் நின்றுவிட்டன. என்ன ஆனார் என்று குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணை எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நெடுநேரம் உள்ளே வரவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கடிதங்கள் போய்வந்தன. ரூத் அவரை 'அன்புள்ள உறவினரே' என்று விளிக்கத் தொடங்கினார். அண்ணையின் தகப்பனுடைய பிறப்புக்கு ஏதாவது பதிவு கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்.

பழைய தேவாலயம் ஒன்றின் பதிவேட்டில் தகப்பனுடைய ஞானஸ்நானப் பதிவைக் கண்டுபிடித்தோம். அண்ணையின் இரண்டு கண்களிலும் வெண்படலம். நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. பெயரை வாசித்தேன், தேதியை வாசித்தேன். அடுத்த வரியில் இப்படி இருந்தது: "வியாபாரி எலியாசரின் கடை வாசலில் கண்டெடுக்கப்பட்ட ஆண் குழந்தை. பெற்றோர் தெரியாது. கண்டெடுத்தவரின் பெயர் இடப்பட்டது."

"வியாபாரி எலியாசர்" என்று மட்டும் வாசித்து நிறுத்தினேன்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் அண்ணை."

அவர் அந்தப் பக்கத்தின் ஓரத்தை விரலால் தடவினார். அந்த முகத்துக்கு முன்னால் மிச்சத்தை வாசிக்க என்னால் ஏலாமல் போனது. இதை நியாயமாக நான் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

லண்டனிலிருந்து வம்சவரைபடம் வந்தது. அதில் அண்ணையின் பெயரும், கீழே ஜெராட்டின் பெயரும் இருந்தன. அதைச் சட்டமிட்டு மாட்டினார். பால்காரனையும் தபால்காரரையும்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பிறகு ரூத் தன் சகோதரனோடு திருகோணமலைக்கு வரப்போவதாக எழுதினார். வந்தால் பதிவேட்டைப் பார்ப்பார்களே என்று அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. தேவாலயத்துக்குப் போய் ஐந்து மாதம் கழித்து, அந்த வரியைக் கடதாசியில் எழுதிக்கொண்டு பாலையூற்றுக்குப் போனேன்.

கேட்டுவிட்டு, "திருப்பி வாசியுங்கோ" என்றார். மூன்று முறை வாசிக்க வைத்தார்.

"அந்த வியாபாரியே தகப்பனாயும் இருக்கலாம்தானே அண்ணை" என்றேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நீங்கள் மறைச்சனீங்கள். என்ர மகன்ர விசயத்திலயும் எத்தினையோ பேர் எனக்கு இரக்கப்பட்டுத்தான் மறைச்சவை. தெரிஞ்சதைச் சொல்லாமல் விட்டவை. நீங்களுமோ?"

கடதாசியை மடித்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"போயிட்டு வாங்கோ" என்றார்.

அன்றே செல்வியின் உதவியோடு ரூத்துக்கு முழு வரியையும் எழுதிவிட்டார். ரூத் மரபணுப் பரிசோதனைக்கு ஒரு பொதி அனுப்பினார். அண்ணை எச்சிலைக் குழாயில் இட்டு அனுப்பினார். முடிவு வந்தது: இரண்டு குடும்பத்துக்கும் இரத்த உறவு எதுவுமில்லை. ரூத் மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். வரைபடத்திலிருந்து இரண்டு பெயர்களையும் நீக்கியிருப்பதாகவும், பயணத்தைக் கைவிட்டதாகவும் அதில் இருந்தது. இவற்றையெல்லாம் செல்வி சொல்லித்தான் அறிந்தேன். சுவரிலிருந்த படத்தை அவரே கழற்றினாராம். "அது அவையின்ர மரம். சரியாத்தான் செய்திருக்கினம்" என்றாராம். ஜெராட்டின் பெயர் இரண்டாம் முறையும் இல்லாமல் போனது என்பதை மட்டும் நான் நினைத்து நினைத்துக் கலங்கினேன். அந்தப் பெயரை வரைபடத்தில் எழுத வைத்ததில் என் கையும் இருந்தது.

மூன்று மாதம் அவர் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு முற்பகல், நல்ல வெயிலில், கையில் ஒரு கோப்போடு என் வீட்டுப் படலைக் கதவடியில் நின்றார். பழைய மயானப் பதிவேட்டுப் பக்கங்களின் பிரதிகள் உள்ளே இருந்தன.

"அந்த வியாபாரிக்கு என்ன நடந்ததெண்டு பார்க்கவேணும். வாசியுங்கோ."

"இனி எதுக்கு அண்ணை? அவை எங்களுக்கு ஒருத்தருமில்லையே."

"ஒரு ஆள் எங்க கிடக்கிறார் எண்டு தெரியாமல் நூறு வருசமாய் ஒரு குடும்பம் இருக்குது. அந்த வருத்தம் எனக்குத் தெரியும். வாசியுங்கோ."

நாலு நாள் வாசித்தோம். ஐந்தாம் நாள் கிடைத்தார். பம்பாயிலிருந்து வந்த வியாபாரி எலியாசர், காய்ச்சலில் இறந்தவர். அவருடைய மதத்தார் இந்த ஊரில் எவரும் இல்லாததால், மயானத்தின் கடற்பக்க மதிலோரம் அடக்கம். கல் நாட்டப்படவில்லை. அந்த மதிலோரம் போய் இருவரும் நின்றோம். எருக்கலையும் பிளாஸ்டிக் குப்பையுமாகக் கிடந்தது. அண்ணை செருப்பைக் கழற்றினார். இடத்தைக் குறித்து, படம் எடுத்து, லண்டனுக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அண்ணையின் மரணத்தையும் நான் ரூத்துக்கு எழுதியிருக்கிறேன்.

அடக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். அன்று முழுவதும் மழை.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரவில்லை. கேட்க எனக்குத் துணிவும் இருக்கவில்லை. ஆனால் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். செல்வியின் மகள் பல்கலைக்கழகம் போனவள், அடுத்த வீடு. அவர் அவளிடம் கொடுக்கவில்லை. இரண்டு பஸ் மாறி, கண் தெரியாமல், அந்தக் கோப்பை என்னிடம் கொண்டுவந்தார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது அந்த முற்பகலை மட்டும்தான்.