கூரையைக் கழற்றிக் காட்டுகிறவள்

திரையில் வீட்டைத் திருப்பினால் நிஸாவின் கழுத்தும் கூடவே திரும்பும். வீடு இடப்பக்கம் சுற்றினால் ஆள் இடப்பக்கம் சாய்வாள். குசினிக்குப் பின்புறம் பார்க்க வேண்டுமென்றால் கதிரையை விட்டு அரைவாசி எழும்பியே விடுவாள். "மவுஸை அசைச்சாக் காணும், நீ ஏன் பிள்ளை நெளியிறாய்?" என்று கேட்டால், "சும்மா இருங்க அக்கா, நான் உள்ளுக்க நிக்கிறன்" என்பாள். ஒருநாள் இப்படித்தான் மாடிப்படி ஏறப்போய்க் கதிரையோடு சரிந்து விழுந்தாள். எழும்பியதும் அவள் முதலில் செய்த காரியம், படியின் உயரத்தைக் குறைத்தது.

முழுப்பெயர் நஜ்முன் நிஸா. ஊர் கிண்ணியா. வயது முப்பதைத் தொடுகிறது. கடல் கொண்டுபோன வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொடுக்கிற ஒரு நிறுவனம் உள்துறைமுக வீதியில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. அங்கே அவள் படம் வரைகிறாள். நான் அதே அறையில் மொழிபெயர்ப்புக்காரி. ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. 'பயனாளிகள்' என்ற சொல்லை எழுதி எழுதி எனக்குச் சீவியமே வெறுத்துப்போனது. வெறுக்கிற நேரமெல்லாம் பக்கத்து மேசையைப் பார்ப்பேன். அங்கே ஒருத்தி தட்டையாகக் கிடக்கிற கோடுகளை எழுப்பிக்கொண்டிருப்பாள்.

எழுப்புதல் என்பது அவளுடைய சொல். கொழும்பிலிருந்து வருகிற வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு, படி என்பது பத்துக் கோடு, கதவு என்பது ஒரு கால் வட்டம். அந்தக் கால் வட்டத்தைப் பார்த்து ஒரு பெண் "இது என்ன மகள், விசிறியா?" என்று கேட்டாளாம். நிஸா அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "மேல பறக்கிற பருந்துக்குத்தான் வீடு அப்பிடித் தெரியும். நாங்க என்ன பருந்தா அக்கா?" என்று என்னிடம் கேட்டாள். கொம்பியூட்டரில் சுவர்க்கோட்டைப் பிடித்து மேலே இழுப்பாள், சுவர் வளரும். யன்னல் இருக்க வேண்டிய இடத்தைத் தள்ளுவாள், ஓட்டை விழும். கடைசியில் கூரையை எடுத்து மேலே வைப்பாள். வைத்துவிட்டு, வெயில் மாலை நாலு மணிக்கு எந்த அறைக்குள் விழும் என்று பார்ப்பாள். மேற்கு வெயில் குசினிக்குள் விழுந்தால் அவளுக்குப் பத்திக்கொண்டு வரும். "சமைக்கிறவள் வேகட்டும் எண்டா கீறியிருக்கானுகள்?" என்று கொழும்பைப் பேசுவாள்.

சமாதானம் என்று பெயருக்கு ஒன்று நாட்டில் இருக்கிறது. ஆனால் நாலரைக்கெல்லாம் கடைகள் கதவைச் சாத்துகின்றன. துறைமுகத்துக்குள் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாதென்று கடற்படையினர் தண்ணீருக்குள் வெடி போடுவார்கள். தொம் என்று சத்தம் கேட்கும், யன்னல் கண்ணாடி நடுங்கும், என் மேசையில் தேத்தண்ணிக் கோப்பை கிலுகிலுக்கும். இத்தனை வருடம் கேட்டும் எனக்கு நெஞ்சு ஒருதரம் நின்றுதான் ஓடும். அவளோ திரையிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். கரண்ட் போனால் மட்டும் பதறுவாள். மின்கலப்பெட்டி கீக் கீக் என்று கத்துகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி வீட்டைச் சேமித்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

காலையும் மாலையும் அவள் கிண்ணியாத் துறையைப் பாதையில் கடக்க வேண்டும். பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. இறங்குகிற இடத்தில் சோதனைச்சாவடி. அலுவலகத்து மடிக்கணினியை அவள் ஊருக்குக் கொண்டுபோகிற நாளில் அதையும் திறந்து காட்ட வேண்டும். அரைகுறைத் தமிழ் பேசுகிற ஒரு சிப்பாய் திரையில் வீட்டைக் கண்டுவிட்டு, "உள்ளே என்ன?" என்று கேட்டானாம். இவள் கூரையைக் கழற்றிக் காட்டியிருக்கிறாள். அவன் குனிந்து அறை அறையாகப் பார்த்திருக்கிறான். படுக்கையறையில் அழகுக்கென்று இவள் ஓர் அலுமாரியை வைத்திருந்தாள். "அதுக்குள்ளே?" என்றானாம்.

"அலுமாரிக் கதவு திறக்காதுங்க, சும்மா கீறினதுங்க எண்டு எவ்வளவு சொல்லியும் கேக்கல்ல அக்கா. பெரியவரக் கூப்பிட்டுட்டான். பின்னால வரிசையில நிண்ட சனமெல்லாம் என்ன ஏசுது." அன்றிலிருந்து அவள் எழுப்புகிற வீடுகளில் அலுமாரி கிடையாது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. வீட்டின் படத்தை அந்த வீட்டுப் பெண்கள் பார்த்துத் தலையாட்டாமல் வேலை தொடங்கவிடமாட்டாள். கூட்டம் வைத்தால் ஆண்கள்தான் முன்வரிசையில் வந்து இருப்பார்கள். தாளைச் சுற்றி நின்று "ஓம், நல்லம்" என்பார்கள். விளங்கித்தான் சொல்கிறார்களா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அதனால் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வளவு வளவாகப் போய், பெண்களை இருத்தி, வீட்டைச் சுற்றிக் காட்டுவாள். இதை அலுவலகத்துச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள்.

அந்தப் பிடிவாதத்தால்தான் ஒரு பெரிய பிழை பிடிபட்டது. ஒழுங்காக இருக்கட்டும் என்று எல்லா வீட்டையும் வளவின் நட்டநடுவில் வைத்திருந்தார்கள். தாளில் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நிஸா அதை எழுப்பி, வேலியும் கிணறும் போட்டுக் காட்டியபோது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வீடு நல்லம் மகள். நாங்க எங்க போற?" என்று ஒரு தாய் கேட்டாள்.

எங்கள் கிழக்கில், தமிழர் ஆகட்டும் முஸ்லிம்கள் ஆகட்டும், வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கலியாணம் என்றால் இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவில் பின்னுக்கு ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். வீடு நடுவில் நின்றால் ஒதுங்க இடமேது? எங்கள் பொறியியலாளர் இராசதுரை தலையில் அடித்துக்கொண்டார். மனிதர் மட்டக்களப்பில் மனைவியின் சீதன வீட்டில் இருக்கிறவர். மாமியார் பின்வளவில்தான் இருக்கிறா. "எனக்கே மறந்துபோச்சே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் அலுவலகமே கூடிவிட்டது. நிஸா அன்றைக்கே எல்லா வீட்டையும் பிடித்து வளவின் முன்மூலைக்கு இழுத்துவிட்டாள். ஊரே அவளை வாழ்த்தியது.

ஒரு வளவின் படம் மட்டும் எழும்பவில்லை. பயனாளியின் பெயர் சித்தி பரீதா, ஊர் கிண்ணியா. அது நிஸாவின் உம்மா.

இதைச் சொல்ல எனக்கு ஆத்திரமாக வருகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கடல் வருவதற்கு முன் நிஸாவுக்கு ஒரு கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். வாப்பா முன்னமே மௌத்தாகிவிட்டார். உம்மாவின் வீடு மூத்தவளுக்கு என்பது அவள் பிறந்த நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த கதை. மார்கழியில் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் துக்கம் விசாரிக்க வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். அதோடு பேச்சு நின்றது. "வீடு போனதுக்குத் துக்கம் விசாரிச்சாங்களா, கலியாணம் போனதுக்கா எண்டு இப்பவும் எனக்கு விளங்கல்ல அக்கா" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்கு ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை.

இப்போது அந்த வளவில் எங்கள் நிறுவனம் வீடு கட்டப்போகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான். இந்த நேரம் பார்த்துத் தங்கை பரீனாவுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நல்ல இடம். வீடு முடிந்த கையோடு நிக்காஹ் என்கிறார்கள். வீடு பரீனாவுக்குப் போனால் நிஸாவுக்கு இல்லை. வீடில்லாத பெண்ணைக் கேட்டுக்கொண்டு யாரும் வரப்போவதுமில்லை. அதைத் தனக்கென்று நிஸா பிடித்துவைத்தால் தங்கையின் கலியாணம் குழம்பும்.

"எல்லாரும் என்ட வாயத்தான் பாக்காங்க. உம்மா சொல்லமாட்டாவாம், தங்கச்சி கேக்கமாட்டாளாம். நானா எடுத்துக் குடுக்கணுமாம். நான் என்ன மலக்கா? எனக்கும் எரியும்தானே அக்கா!" என்று ஒருநாள் வெடித்தாள். வானத்திலிருந்து இறங்கிய மலக்கு மாதிரி அவள் நடக்க வேண்டுமென்று எதிர்பார்க்கிறவர்கள் மேல் எனக்கும் எரிந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேறொருவரின் வீட்டுக்கு யன்னல் வைக்கப் போய்விட்டாள்.

படத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. சீமெந்து லொறிகளைச் சாவடியில் மறிக்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த மாதம் என்ன நடக்குமோ என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. "பிள்ளை, உங்கட உம்மாட படத்தையும் முடிச்சாத்தான் மேசன்மாரை அனுப்பலாம்" என்று இராசதுரை தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் போட்ட சட்டப்படி வீட்டுப் பெண்கள் பார்த்தாக வேண்டும். உம்மாவையும் தங்கையையும் அவளே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு வந்தாள்.

சித்தி பரீதா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தா. பரீனா பின்னால் நின்றாள். நிஸா வீட்டை எழுப்பினாள். நிலம், சுவர், யன்னல். வெயில் விழாத பக்கம் குசினி. முன்னால் விறாந்தை. எங்கள் ஆட்கள் கட்டுகிற அதே வீடுதான். ஆனாலும் அவள் அதை மற்ற வீடுகளை விட மெல்லமாகச் செய்தாள் என்று எனக்குப் பட்டது. கூரையை மட்டும் போடாமல் விட்டிருந்தாள்.

"ராத்தா, உங்கட அறை எது?" என்று பரீனா கேட்டாள்.

"இது உன்ட வீடு. ரெண்டு அறையும் உனக்குத்தான்."

பரீனா தேம்பத் தொடங்கினாள். உம்மா நிலத்தைப் பார்த்தா. எனக்கு எழும்பிப்போய் உம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கடைசியில் அந்த மனுசி வாயைத் திறந்தா.

"நான் பின்னால ஒரு கொட்டிலப் போட்டுக்கிட்டுக் கிடப்பன். நீ எங்க மகள் போற?"

நிஸா வளவின் பின்பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்தாள். அங்கே ஒழுங்கை என்கிற குறுந்தெரு ஓடுகிற வேலியோரமாக ஒரு நீள்சதுரம் கீறினாள். கொஞ்ச நேரம் அதைத் தட்டையாகவே விட்டுவைத்திருந்தாள். பிறகு பிடித்து மேலே இழுத்தாள். முன்வீட்டுச் சுவரின் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இது ஆரு கட்டுற?" என்று உம்மா கேட்டா.

"நான் கட்டுவன். மெல்ல மெல்லக் கட்டுவன். நீங்க என்னோட இருங்க."

உம்மா திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோனா. "அப்ப கதவ இஞ்சால வை. தங்கச்சிட குசினியப் பாத்தாப்போல. அதுதானே வழக்கம். போக வர லேசு."

நிஸா தான் எழுப்பிய அந்தச் சின்ன வீட்டைத் திரையில் சுற்றினாள். ஒழுங்கைப் பக்கச் சுவரில் ஒரு கதவை வெட்டினாள்.

"றோட்டுப் பக்கமா? மாப்பிள்ளை இல்லாத வீட்டுக்கு றோட்டுப் பக்கம் வாசல் வெச்சா சனம் என்ன கதைக்கும் மகள்?"

இராசதுரை ஒரு தாளை எடுத்து, வாசிப்பதுபோல் முகத்துக்கு நேரே பிடித்தார். நிஸா அந்தக் கதவைத் தெரிந்தெடுத்து அழித்தாள். உம்மா பெருமூச்சு விட்டா. அதே சுவரில், அதே இடத்தில், நிஸா அகலத்தை இரண்டு பங்காக்கி இரட்டைக் கதவு போட்டாள். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு வருகிற முன்வாசலுக்கு எங்கள் பக்கத்தில் வைக்கிற கதவு அது. அதன் இரண்டு பலகைகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒழுங்கையைப் பார்த்து, முழுதாகத் திறந்துவைத்தாள்.