கர்னலின் மெயில்

பட்டாளத்தில் இருபத்து நாலு வருடம் இருந்துவிட்டு, போன வருடம் திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ் ஏறி சைபர் பாதுகாப்பு படிக்கப் போனேன். வகுப்பில் பதினோரு பேர், அத்தனை பேரும் முன்னாள் ராணுவத்தார். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயது. முன்பின் தெரியாதவர் அனுப்பும் மெயிலை நம்பக் கூடாது என்று அவள் சொன்னபோது, எல்லையில் காவல் நின்றவர்களுக்கே பாடமா என்று இளித்தோம். எங்களில், பட்டாள மெஸ்ஸில் சமையல்காரராக இருந்தவர் மட்டும் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். "சாம்பாருக்கு எதுக்குப்பா பாஸ்வேர்டு?" என்று அவரைக் கேட்டது நான்தான்.

மறுவாரம் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. யாரோ ஒரு கர்னல், எங்கள் பாஸ்வேர்டுகளை உடனே அனுப்பச் சொல்லியிருந்தார். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, 'ஜெய்ஹிந்த் சார்' என்று தொடங்கி அனுப்பிவைத்தேன்.

கர்னலும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பெண்தான் எங்களைச் சோதிக்க எழுதியிருக்கிறாள். பத்துப் பேர் மாட்டியிருந்தோம். சமையல்காரர் மாட்டவில்லை. எப்படி என்று அவள் கேட்டாள்.

"கர்னல் என்னைக்குங்க நம்மகிட்ட நேரா கேட்டிருக்காரு? ஒரு டீ வேணும்னாலும் நாலு பேரு வழியாத்தான் சொல்லி வரும்."

எதிரி எங்களைச் சுட்டிருக்கவே வேண்டியதில்லை. தோளில் கர்னலின் சிங்க முத்திரையையும் ரெண்டு நட்சத்திரத்தையும் குத்திக்கொண்டு வந்து, கதவைத் திறடா என்றிருந்தால் போதும். திறந்துவிட்டு சல்யூட்டும் அடித்திருப்போம்.